நிம்மியிடம் சொல்ல வேண்டியது

மே 12, திங்கள்

மழை. ஏழு பாகை. இந்த நாட்டில் இதற்குப் பெயர் மே மாதமாம். கம்பளிச் சட்டைகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவள் மனைவி ரஞ்சி. திரும்ப எடுத்துத் தந்தவளும் அவள்தான். ஏச்சு மட்டும் எனக்கு.

லீவு நாள். என்னைப் போன்ற ஆயர்களுக்குத் திங்கள்தான் ஞாயிறு. செய்ய வேண்டியவை:
– தலைமயிர் வெட்ட.
– மருந்துக்கடையில் பிரஷர் குளிசை எடுக்க.
– காரின் பின்சீற்றில் கிடக்கும் ஆயர் கோலை வீட்டுக்குள் கொண்டுவர (அயலவர் இரண்டு முறை கேட்டுவிட்டார், மீன் பிடிக்கவோ என்று).
– வரும் ஞாயிறு பிரசங்கம். தலைப்பு மட்டும் இருக்கிறது: 'பயப்படாதே'.

ஒன்றும் நடக்கவில்லை. பத்து மணிக்கு நிம்மி வந்துவிட்டாள்.

நிம்மி, காலம் சென்ற அக்காவின் மகள். வீடு மல்வேர்னில். வெக்ஸ்போர்ட் ஆலயத்தின் வார்டன். அதாவது, அங்கே குருவானவர் பிரசங்கம் செய்வார், மற்ற எல்லாவற்றையும் நிம்மி செய்வாள். என் பொறுப்பில் எத்தனையோ ஆலயங்கள். உண்மையாகவே எனக்குப் பயம் வருவது வெக்ஸ்போர்ட்டுக்குப் போகும்போதுதான்.

கையில் அழைப்பிதழ். கார்ட் என்று சொல்ல முடியாது, பெட்டி. திறந்தால் உள்ளே இரண்டு சொக்கிளேற். நடுவில் நிம்மியின் மகள் ஜொவானா, பதினைந்து வயது, வெள்ளைக் கவுனில் மேகத்துக்கு நடுவே நிற்கிறாள். மேல் மூலையில் யேசு. கீழ் மூலையில் நான். அளந்து பார்க்கவில்லை, ஆனால் நான்தான் பெரிது.

"மாமா, நீங்கள்தான் சீஃப் கெஸ்ற்."

"நிம்மி, திடப்படுத்தலைச் செய்யிறதே நான்தானே."

"ஓம், அதுவும்."

மொத்தத்தில் என்ன நடக்க வேண்டும்? குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, வளர்ந்தபின் சபைக்கு முன்னால் வந்து 'நான் விசுவாசிக்கிறேன்' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஆயர் தலையில் கை வைத்துச் செபிக்க வேண்டும். வரும் 25ஆம் திகதி ஆலயத்தில், ஐந்து பிள்ளைகள், பதினைந்து நிமிடம். அதற்குப் பிறகு விருந்துக்கு நிம்மி எடுத்திருக்கும் ஹோலில் முன்னூற்றைம்பது பேர் இருக்கலாம். வாசலில் ஜொவானாவின் ஆறடிப் படம். புகை விடும் மெஷின். படிக்கட்டில் இறங்கி வர ஒரு பாட்டு.

போகும்போது வாசலில் நின்று: "மாமா, அண்டைக்கு அந்தச் சிவப்பு அங்கியைப் போடாதேங்கோ. மேடைச் சோடனை ரோஸ் கோல்ட். அடிக்கும்."

திருச்சபையில் அங்கியின் நிறத்தைப் பண்டிகைக் காலம் தீர்மானிக்கும் என்று விளக்கத் தொடங்கினேன். கார் போய்விட்டது.

மே 14, புதன்

மழை விட்டது, காற்று. சப்வேயில் ஒரு இளம்பெண் என் ஊதாச் சட்டையையும் சிலுவையையும் கண்டு எழும்பி இடம் தந்தாள். சந்தோஷப்பட்டு ஆசீர்வாதம் சொன்னேன். "இல்லை, நீங்கள் விழப்போகிறவர் மாதிரி இருந்தது" என்றாள்.

காலை: கூரைக் குழு. ஒரு ஆலயத்தின் கூரை ஒழுகுகிறதா என்று ஒன்றரை மணித்தியாலம். ஒழுகுகிறது என்று ஏகமனதாகத் தீர்மானித்து, உபகுழு ஒன்று அமைத்துக் கலைந்தோம்.

மதியம்: சாண்ட்விச். ரஞ்சி கட்டித் தந்த இடியப்பம் அதற்குப் பிறகு.

பின்னேரம் கடிதங்கள். இது என் சொந்தச் சட்டம், ஆயரான நாளில் இருந்து நடத்துகிறேன், கொஞ்சம் பெருமையும் உண்டு. திடப்படுத்தலுக்கு வரும் ஒவ்வொருவரும் ஏன் வருகிறேன் என்று எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். பெற்றோர் பார்க்கக் கூடாது. 'உண்மையை எழுதுங்கள்' என்று படிவத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

வெக்ஸ்போர்ட்டில் இருந்து ஐந்து. முதல் நான்கிலும் 'விசுவாசப் பயணத்தில் வளர ஆவலாயிருக்கிறேன்'. இரண்டில் ஒரே பந்தி, கமா தவறாமல். இந்த வருடம் கம்ப்யூட்டருக்குத்தான் விசுவாசம் கூடியிருக்கிறது.

ஐந்தாவது ஜொவானாவுடையது. பேனையால் எழுதியது. ஆங்கிலத்தில், இவ்வளவுதான்:

அன்புள்ள பிஷப், உண்மையை எழுதச் சொன்னீர்கள். அன்றைக்கு நான் சொல்ல வேண்டிய வசனங்களை நான் நம்பவில்லை. ஒருவேளை பிறகு நம்பலாம், தெரியாது. இப்போது சொன்னால் பொய். அம்மா ஹோல் எடுத்துவிட்டா. தயவுசெய்து உதவி செய்யுங்கள்.

மூன்று முறை வாசித்தேன். காரியதரிசி மார்கரெட் எட்டிப் பார்த்து, "நல்ல கடிதமோ?" என்றாள். இத்தனை வருடத்தில் வந்த ஒரே நல்ல கடிதம் என்றேன். அப்படியென்றால் ஏன் முகம் அப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

மே 15, வியாழன்

வெயில், பன்னிரண்டு பாகை. அதற்கே ஆட்கள் அரைக் காற்சட்டையோடு திரிகிறார்கள்.

பள்ளிக்கூடம் விட்டபின் லோறன்ஸ் வீதிக் கோப்பிக் கடையில் ஜொவானா. ஏதோ நீலக் குடிபானம். என்னைக் கண்டதும் அழுவாள் என்று எதிர்பார்த்துக் கைலேஞ்சி எடுத்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை. கைலேஞ்சியால் மேசையைத் துடைத்தாள்.

"தாத்தா, ஐ ஆம் நாட் பீயிங் ட்ராமாட்டிக். எனக்குச் சேர்ச் பிடிக்கும். பாட்டுப் பிடிக்கும். பட் எல்லாருக்கும் முன்னால நிண்டு 'ஐ பிலீவ்' எண்டு சொல்லேக்க, ஐ ஷுட், லைக், பிலீவ்."

இதைவிடத் திறமாகத் திடப்படுத்தலை நான் எந்த வகுப்பிலும் விளக்கியதில்லை.

பிறகு நான் ஒரு யோசனை சொன்னேன். எழுதவே வெட்கம். ஆனாலும் எழுதுகிறேன். "நீ வரிசையில வா. வசனம் சொல்லேக்க வாயைத் திறக்காத. நான் கையை வைச்சு வேற ஒரு ஆசீர்வாதம் மெல்லமாச் சொல்லுறன். ஒருத்தருக்கும் விளங்காது. வீடியோவிலயும் ஒண்டுபோலதான் இருக்கும்."

அவள் ஸ்ட்ரோவை எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, தட்ஸ் ஸ்டில் லையிங். ஜஸ்ற் க்வயற்றர்."

அதுவும் பொய்தானாம், சத்தம் குறைந்த பொய். அறுபத்தேழு வயது. மூன்று பட்டம். கோப்பிக் கடையில் தலை குனிந்து இருந்தேன்.

"சரி, அப்ப அம்மாவிட்ட நீயே சொல்லு."

"மீ? நீங்கதானே பிஷப்."

"வெளியில பிஷப். உன்ர கொம்மாவுக்கு நான் மாமா."

"யூ ப்ராமிஸ்ட் அஸ் இன் த ஃபோர்ம். 'ஆயர் உங்களுக்காக நிற்பார்' எண்டு போட்டிருக்கு."

போட்டிருக்கிறது. தடித்த எழுத்தில். ஞாயிற்றுக்கிழமைக்குள் நிம்மியிடம் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்லும்வரை ஒவ்வொரு நாளும் ஞாபகப்படுத்துவேன் என்றாள்.

மே 16, வெள்ளி

முகில். காலை ஏழுக்கு ஜொவானாவிடமிருந்து போனில் ரெக்ஸ்ற் மெசேஜ்: டே 1. வேறொன்றும் இல்லை.

மதியம் நிம்மிக்குப் போன் எடுத்தேன். "நிம்மி, ஒரு விஷயம் கதைக்க வேணும்" என்றேன். நல்ல ஆரம்பம். அவள், "நானும் உங்களுக்கு எடுக்க இருந்தனான்" என்றாள். கதிரைக்கு உறை போடுவதா, போடாமல் விடுவதா. உறை போட்டால் பின்னால் ரிப்பனில் 'போ' முடிச்சுக் கட்டுவதா. நாற்பது நிமிடம். நடுவில் மேசைப் பூ என்ன நிறம் என்று என்னைக் கேட்டாள். ரோஸ் என்றேன்.

ரோஸ் என்றேன்! பூ வேண்டாம், நிற்பாட்டு என்று சொல்ல வேண்டிய வாய்.

மே 17, சனி

டே 2. தலைமயிர் வெட்டினேன். வெட்டுகிறவர் ஒரு பக்கம் கூட எடுத்துவிட்டார். ஆயர் தொப்பி மறைக்கும்.

மே 18, ஞாயிறு

டே 3. குளிர் காற்று, வெயில்.

வடக்கே ஒரு சின்ன ஆலயம். வந்தவர்கள் முப்பத்தொரு பேர், அங்கி அறைக்குள் குப்பை கிளறும் ஒரு றக்கூன் பிராணி. ஆராதனைக்கு முன் அதை வெளியேற்ற என் கோல் பயன்பட்டது. நான் ஆயராகிய நாளில் இருந்து அந்தக் கோலுக்குக் கிடைத்த முதல் உண்மையான மேய்ப்பு வேலை.

பிரசங்கம்: 'பயப்படாதே'. இருபத்திரண்டு நிமிடம். தீர்க்கதரிசிகள் அரசர்களுக்கு முன்னால் நின்று உண்மையைச் சொன்ன கதைகளை எல்லாம் எடுத்துவிட்டேன். வாசலில் ஒரு மூதாட்டி என் இரண்டு கையையும் பிடித்து, தன் மகனோடு ஒன்பது வருடமாகக் கதைக்கவில்லை, இன்றைக்கே போன் எடுக்கப்போகிறேன் என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், வேறு காரணத்துக்கு.

காரில் ஏறி நிம்மியின் இலக்கத்தை எடுத்தேன். பார்த்தேன். வைத்தேன். பற்றரி குறைவு என்று மனதுக்குச் சொன்னேன். அறுபத்தெட்டு வீதம் இருந்தது.

மே 19, திங்கள்

டே 4. பொது விடுமுறை. அயலில் வாணவெடி.

ரஞ்சி கண்டுபிடித்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, கடிதம் இரகசியம். கணவாய்க் கறி. ஒரு கோப்பை சோறு மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

"நில்லுங்கோ. கணவாய்க்கு இரண்டாந்தரம் சோறு கேக்கேல்லை. ஆரை ஏமாத்திப் போட்டு வந்திருக்கிறியள்?"

"ஒருத்தரையும் இல்லை."

"அப்ப, ஆருக்கோ பயப்பிடுறியள்." என் முகத்தைப் பார்த்தாள். "நிம்மிக்கோ?"

நான் துவாயைத் தேடினேன்.

"நீங்கள் பிஷப் எலக்சனில நிக்கேக்கயே சொன்னனான். சொந்தக்காரர் இல்லாத ஊரில போய் நில்லுங்கோ எண்டு."

பின்னேரம் பக்கத்து வீட்டு சிவபாலன் கூப்பிட்டார். மட்டக்களப்பு ஆள், நல்ல மனிதர். புதுக் கார். கோயிலில் பூசை முடிந்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் நசித்தாயிற்று. "நீங்களும் ஒருக்கா கைய வைங்க ஐயா. ரெண்டு பக்கத்தாலயும் பாதுகாப்பா இருக்கட்டும்." பொனற்றில் கை வைத்துச் செபித்தேன். கார் என்னிடம் விசுவாசம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மே 21, புதன்

டே 6. (நேற்று டே 5, எழுதவில்லை. நேற்று முழுக்க வாகனத் தரிப்பிடக் கூட்டம். மனிதர் எழுதக்கூடிய விஷயம் அல்ல.)

பின்னேரம் வெக்ஸ்போர்ட்டில் ஒத்திகை. ஒத்திகைக்கு முன் நிம்மியைத் தனியாகப் பிடித்துச் சொல்வது என்று காரிலேயே வசனம் பாடமாக்கிக்கொண்டு போனேன். 'நிம்மி, உன்ர பிள்ளை நேர்மையான பிள்ளை.' இப்படித் தொடங்கினால் எந்தத் தாய்க்கும் கோபம் வராது.

வாசலில் வீடியோக்காரர் குகன் பிடித்துக்கொண்டார். மூன்று கமரா, ஒரு ட்ரோன்.

"பிஷப் ஐயா, தலையில கை வைக்கேக்க கீழ பாக்காதேங்கோ. ரெண்டாம் நம்பர் கமராவைப் பாருங்கோ. சிரிக்கத் தேவையில்லை, ஒரு கருணை."

"இது ஆராதனை தம்பி."

"ஓம் ஐயா, அதான் ஸ்லோ மோஷன்."

ட்ரோன் மட்டும் பீடத்துக்கு மேலே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். இந்தக் கிழமையில் நான் காட்டிய ஒரே துணிவு.

ஐந்து பிள்ளைகளும் வரிசையாக. கேள்விகளை வாசித்துக் காட்டினேன். நாலு பேர் பதிலை முணுமுணுத்தார்கள். ஜொவானா வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் இரண்டாம் நம்பர் கமராவைப் பார்த்தேன்.

முடிந்தபின் நிம்மி ஓடி வந்தாள். பாடமாக்கிய வசனம் நாக்கு நுனியில். "நிம்மி, உன்ர பிள்ளை..."

"ஓம் மாமா!" கண் பளபளத்தது அவளுக்கு. "வடிவா நிண்டவள் என்ன? நான் இந்த நாளுக்கு எவ்வளவு நாளாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறன் தெரியுமே."

ஓம், வடிவாக நின்றாள் என்றேன். வீட்டுக்கு வந்தேன். நான் கோழை. ஆயர் அங்கி போட்ட கோழை. இதை எழுதிவைக்க வேண்டும், பின்னொரு நாள் பெருமை வந்தால் எடுத்து வாசிக்க.

மே 23, வெள்ளி

டே 8. ஒன்பது பாகை. இன்றைக்கு இலக்கத்தோடு ஒரு வரியும் சேர்ந்து வந்தது: நீங்கள் சொல்லாவிட்டால், அன்றைக்கு நீங்கள் கேட்கும்போது நான் நோ என்று சொல்லிவிடுவேன். ஐ ஆம் ஸொறி தாத்தா.

இவள் சொல்வாள். முன்னூற்றைம்பது பேர், மூன்று கமரா. நிம்மி அந்த இடத்திலேயே உடைந்துபோவாள். என் பயத்துக்காகத் தாயையும் பிள்ளையையும் அப்படி நிறுத்தப்போகிறேனா?

நாளைக் காலை மல்வேர்ன். ரஞ்சியிடம் சொல்லிவிட்டேன், போகிறேன் என்று மட்டும். "வெறும் வயித்தில போகாதேங்கோ" என்றாள்.

மே 24, சனி

தெளிந்த வானம். அப்பிள் மரங்கள் பூத்துவிட்டன. மல்வேர்ன் முழுக்கப் புல்லு வெட்டும் சத்தம்.

நிம்மி வீட்டுக் கராஜுக்குள் ஆறு பெண்கள், இரண்டு அடுப்பு, முறுக்கு. உள்ளே பயத்தம் பணியாரம். நிம்மி நெற்றியில் மா, கையில் எண்ணெய்.

"நிம்மி, ஒரு விஷயம்."

"சொல்லுங்கோ மாமா."

"தனியச் சொல்ல வேணும்."

முறுக்கு உரல்கள் ஆறும் ஒரே நேரத்தில் நின்றன. பேஸ்மன்றுக்குப் போனோம். உடுப்புக் காயவைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நல்லது என்று நினைத்தேன், மேலே கேட்காது.

பாடமாக்கிய வசனம் ஒன்றும் வரவில்லை. "ஜொவானாவுக்கு இப்ப வேண்டாமாம்" என்றேன்.

"என்ன வேண்டாமாம்? கேக்கோ?"

"திடப்படுத்தல்."

மெஷினுக்குள் ஏதோ பொத்தான் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஆர் சொன்னது?"

"அவள்தான். எனக்குக் கடிதம் எழுதினவள். அந்த வசனங்களை இப்ப சொன்னால் பொய்யாம்."

"எப்ப எழுதினவள்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "பத்து நாளாகுது."

"பத்து நாளோ!" மேலே நிச்சயம் கேட்டிருக்கும். "பத்து நாளாத் தெரியும் உங்களுக்கு! மேசைக்கு என்ன நிறப் பூ எண்டு நான் கேக்கிறன், ரோஸ் எண்டு சொல்லுறியள்! தெரிஞ்சு கொண்டு ரோஸ் எண்டு சொன்னனீங்கள் என்ன!"

"பிழை என்னில நிம்மி."

"வேற ஆரில?" கொஞ்சம் மூச்செடுத்தாள். குரலை இறக்கினாள். அது இன்னும் பயம். "இஞ்ச பாருங்கோ மாமா. விசுவாசம் பிறகு வரும். ஹோல் பிறகு வராது. நீங்கள் கையை வையுங்கோ, மிச்சத்தை ஆண்டவர் பாக்கட்டும்."

"நான் 'விசுவாசிக்கிறியோ' எண்டு கேப்பன். அவள் என்ன சொல்லுறது?"

"ஓம் எண்டு சொல்லட்டும்! எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறவை. நீங்கள் என்ன, ஒவ்வொருத்தற்ற நெஞ்சையும் திறந்து பாத்தே கை வைக்கிறனீங்கள்?"

பார்த்ததில்லை. குருவாகி எத்தனை வருடம், ஆயராகி எத்தனை தலை. 'ஓம்' என்று சொன்னால் அடுத்த தலைக்குப் போயிருக்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள் என்று ஒரு படிவம் அடித்தேன், உண்மை வந்ததும் பத்து நாள் ஒளித்திருந்தேன்.

"திறந்து பாக்கேல்லை" என்றேன். "ஆனா இவள் தானே திறந்து காட்டிப் போட்டாள். பாத்துப் போட்டுப் பொய் சொல்லச் சொல்லி என்னாலக் கேக்க ஏலாது நிம்மி. நீ என்னை வீட்டை விட்டுத் துரத்தினாலும் சரி."

நிம்மி மெஷினில் சாய்ந்துகொண்டாள். கை முழுக்க எண்ணெய், முழங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"உவளுக்கு எல்லாம் கைக்குள்ள கிடைக்குது மாமா. அதான் வேண்டாமாம்."

பிறகு அதே முழங்கையால் மெஷினை நிற்பாட்டினாள். அவள் கத்தியபோது வராத துக்கம் அப்போது வந்தது எனக்கு.

திரும்பினால் படிக்கட்டில் ஜொவானா, முழங்காலைக் கட்டிக்கொண்டு. எல்லாம் கேட்டிருக்கிறாள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. நான் இடையால் ஏறி வந்தேன்.

காரில் ஏறப்போக நிம்மி பின்னால் வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பையை என் கையில் திணித்தாள். முறுக்கு. சூடு. கோபம் வேறு, முறுக்கு வேறு.

"நாளைக்கு நாலு பேரோட செய்யுங்கோ" என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னாள். "சனத்துக்கு நான் ஏதும் சொல்லுவன்."

முறுக்கில் ஒன்றும் நான் தொடவில்லை. ரஞ்சி மூன்று சாப்பிட்டாள்.

மே 25, ஞாயிறு

ஹோலில் இருந்து இப்போதுதான் வந்தோம். பின்னேரம் ஆறு. ஹோலில் நடந்ததை ரஞ்சி போனில் தன் தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், புகை மெஷின் உட்பட. நான் காலையை எழுதவேண்டும்.

பதினேழு பாகை, வெயில். ஆலயம் நிறைந்து ஆட்கள் வெளியே வரை. பாதிப் பேர் கோயிலுக்குப் போகும் சைவக்காரர், எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று என்னையே பார்த்தபடி. நான் வெள்ளையில் பொன் இழையோடிய அங்கி. பண்டிகைக் காலத்துக்கும் அதுதான் சரி, ரோஸ் கோல்டுக்கும் அடிக்கவில்லை.

நிம்மி முன் வரிசை வாங்கில். பட்டுச் சேலை, கொண்டை நிறையப் பூ. முகம் நித்திரை இல்லாத முகம். பக்கத்தில் ஜொவானா, வெள்ளைக் கவுன் இல்லை, சாதாரண நீலச் சட்டை. சனம் முணுமுணுத்தது. "பிள்ளைக்கு என்ன, சுகமில்லையே?" "உடுப்பு மாத்தேல்லையோ இன்னும்?" நிம்மி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்தேன்.

குருவானவர் நாலு பெயரை வாசித்தார். நாலு பிள்ளைகள், ஒவ்வொருவரையும் முன்னிறுத்தும் பெற்றோர். ஜொவானாவின் பெயர் வரவில்லை. ஆலயம் முழுக்க ஒரு மூச்சு. குகன் மூன்று கமராவையும் என்ன செய்வதென்று தெரியாமல் கூரைப்பக்கம் திருப்பினார்.

என் முறை. ஒழுங்குப்படி, "இன்னும் யாராவது உண்டோ?" என்று கேட்க வேண்டும். வாய்க்குள்ளால் கேட்டேன், உடனே அடுத்த வரிக்குத் தாவ.

நிம்மி எழும்பினாள்.

வந்துவிட்டது என்று நினைத்தேன். எல்லாருக்கும் முன்னால் என்னை ஏசப்போகிறாள். ஏசட்டும், நியாயம். கைப்பையைத் தோளில் போட்டபடி, சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு நேரே எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குச் செய்யுங்கோ மாமா."

"என்ன?"

"திடப்படுத்தல். எனக்கு."

"நிம்மி, உனக்கு ஊரிலயே..."

"எங்க?" குரல் கடைசி வாங்கு வரை கேட்டது. "பதினாலு வயசு. வகுப்பு முடிஞ்சுது. அம்மா வெள்ளைச் சட்டை தைச்சவ. வாற ஞாயிறு பிஷப் வாறார் எண்டு சொன்னவை. அந்தக் கிழமை சண்டை வந்து ஊரோட எல்லாரும் வெளிக்கிட்டம். பிஷப் வாற நாள் நாங்கள் அகதிக் காம்பில, தரப்பாளுக்குக் கீழ. பிறகு ஒரு பிஷப்பும் வரேல்லை. இஞ்ச வந்தாப் பிறகு ஒருத்தரும் கேக்கேல்லை. எல்லாருக்கும் ஆனதுதானே எண்டு நினைச்சினம். நீங்களும்தான்."

நானும்தான். அவர்கள் தரப்பாளுக்குக் கீழே இருந்த காலம் நான் இங்கே பார்க்டேலில் ஒரு அறைக்குள் எட்டுப் பேரோடு இருந்து குருத்துவப் படிப்புக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவின் பிள்ளை. என் கையால் எத்தனை வருடம் நற்கருணை வாங்கியிருக்கிறாள். ஒரு நாள் கேட்கவில்லை நான்.

கடிதம் எழுத வேண்டும் என்ற என் சட்டம் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

குருவானவர் என் காதுக்குள், "முன்னிறுத்த ஒருவர் வேண்டும்" என்றார். நிம்மியின் புருஷன் எழும்பப் போனான். அதற்குள் ஜொவானா வந்துவிட்டாள். தாயின் பக்கத்தில் நின்று, மைக் தேவைப்படாத குரலில்:

"ஐ பிரசென்ற் மை மதர்."

பிறகு மெல்லமாக, "அம்மா, பையைத் தாங்கோ." நிம்மி தோளில் இருந்து கழற்றிக் கொடுத்தாள்.

கேள்விகளைக் கேட்டேன். நாலு பிள்ளைகளும் முணுமுணுத்தார்கள். நிம்மி தமிழில், ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் யோசித்து, "ஓம், விசுவாசிக்கிறன்" என்றாள். அயலவரை நேசிப்பாயோ என்ற மூன்றாவது கேள்விக்கு மட்டும், "ஓம், பாக்கிறன்." அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

பிள்ளைகள் நாலு பேரும் முழங்காலில் வந்து போனார்கள். கடைசியாக நிம்மி. சேலையோடு முழங்காலில் நிற்கக் கஷ்டப்பட்டாள், ஜொவானா முழங்கையில் பிடித்தாள். கை வைத்தேன். பூ, கொண்டை ஊசிகள், ஸ்பிறே போட்ட மயிர். அதற்குக் கீழே தலை நடுங்கிக்கொண்டிருந்தது. 'ஆண்டவரே, உம்முடைய அடியாள் நிர்மலாவை' என்று அவளுடைய முழுப் பெயரோடு தொடங்கினேன். எத்தனையோ நூறு தரம் சொன்ன செபம், நடுவில் எனக்கு அடுத்த சொல் வரவில்லை. குருவானவர் எடுத்துக் கொடுத்தார்.

ஆமென் சொன்னார்கள். கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காதேங்கோ மாமா" என்றாள், குனிந்தபடியே. "கொஞ்சம் இருக்கட்டும்."

எடுக்கவில்லை.